சம்பூர் மின் திட்டம், 2006–2025: ஒரு நிகழ்வு ஆய்வு

இது எதைப் பற்றியது

திருகோணமலை நகருக்கு எதிரே, கொட்டியாரக் குடாவின் தென்கரையில் இருக்கும் தமிழ்க் கிராமம் சம்பூர். மூதூர் பிரதேச செயலகப் பிரிவைச் சேர்ந்தது. வயல், மேட்டுநிலத் தோட்டம், மாடு, கடற்றொழில் என்று வாழ்ந்த ஊர். 2006 டிசெம்பரில் இங்கே 500 மெகாவாட் நிலக்கரி மின் நிலையம் கட்ட இலங்கையும் இந்தியாவும் உடன்பட்டன. 2016இல் அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. அடுத்த சில ஆண்டுகள் இயற்கை எரிவாயு பற்றிய பேச்சில் போயின. 2025 ஏப்ரலில், அதே ஊரில், அதே கூட்டு நிறுவனத்தின் பெயரில், 120 மெகாவாட் சூரிய மின் நிலையத்துக்கான வேலை தொடங்கிவைக்கப்பட்டது.

நிலக்கரி, எரிவாயு, சூரிய ஒளி என்ற இந்த வரிசை சம்பூருக்கு மட்டும் உரியதல்ல. அதே இருபது ஆண்டுகளில் உலக மின்துறை நடந்து வந்த பாதையும் ஏறக்குறைய இதுதான். அதனால் எரிபொருள் மாற்றம் ஓர் ஊருக்குள் எப்படி இறங்குகிறது என்று பார்க்க சம்பூர் நல்ல இடம். இந்த ஆய்வில் ஆட்களின் பெயர் இல்லை. முடிவெடுத்தவர்கள், எதிர்த்தவர்கள், ஊரைவிட்டுப் போய்த் திரும்பியவர்கள் என்று மட்டும் வருவார்கள். பதிவுகளைத் தொடர்ந்து படித்தபோது எனக்குப் பட்டது ஒன்றுதான்: எரிபொருளைப் பற்றிய முடிவு இரண்டு முறை மாறியது, காணியைப் பற்றிய முடிவு ஒரே முறை, ஊரில் ஆள் இல்லாத நேரத்தில் எடுக்கப்பட்டது.

பின்னணி: மழையை நம்பிய மின்சாரம்

1990களின் நடுப்பகுதி வரை இலங்கையின் மின்சாரம் ஏறத்தாழ முழுவதும் நீர்மின்தான். மழை பொய்த்தால் மின்சாரமும் பொய்க்கும். 1996இன் வறட்சியில் நாடு நீண்ட மின்வெட்டைக் கண்டது. அதற்குப் பிறகு டீசலிலும் உலை எண்ணெயிலும் ஓடும் நிலையங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. அவற்றைக் கட்டுவது எளிது, ஓட்டுவது செலவு. எண்ணெய் விலையோ 2008 ஜூலையில் பீப்பாய்க்கு 147 டொலரைத் தொட்டது. ஒவ்வொரு மின் அலகும் டொலரைத் தின்றது.

இன்னொரு பக்கம் தேவை ஓயாமல் ஏறியது. கிராமங்களுக்குக் கம்பி போய்ச் சேர்ந்தது, வீட்டுக்கு வீடு குளிர்சாதனப் பெட்டியும் தொலைக்காட்சியும் வந்தன. இலங்கையில் மின் தேவை உச்சத்தைத் தொடுவது பெரும்பாலும் மாலை ஏழு மணிக்கும் ஒன்பது மணிக்கும் இடையில், விளக்கெரியும் நேரத்தில். இந்த ஒரு விவரத்தை மறக்காமல் வைத்துக்கொள்ள வேண்டும். கடைசிப் பகுதியில் இதுவே முக்கியமாகிறது.

மின் திட்டமிடும் பொறியியலாளர்களுக்கு அன்று கண்முன் இருந்த விடை நிலக்கரி. எண்ணெயைவிட மலிவு, இரவும் பகலும் ஓடும், சீனாவும் இந்தியாவும் அதில்தான் வளர்ந்துகொண்டிருந்தன. புத்தளம் பக்கம் நுரைச்சோலையில் சீனக் கடனுதவியோடு ஒரு நிலையம் வர ஏற்பாடாயிற்று. 300 மெகாவாட் வீதம் மூன்று இயந்திரங்கள். 2011இல் முதலாவது, 2014இல் மூன்றாவது. கிழக்கில் இன்னொன்று வேண்டும் என்றபோது இந்தியா முன்வந்தது. திருகோணமலை இயற்கைத் துறைமுகம், கப்பல் நிறுத்த ஆழமான நீர் உண்டு. மேற்குக் கரையில் தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் நிலக்கரி இறக்க முடியாமல் போகும் சிக்கலும் இங்கே குறைவு. பொறியியல் கணக்கில் இடத்தேர்வு தவறில்லை.

ஊர் காலியான விதம், 2006–2007

ஆனால் அந்தக் கணக்கு போடப்பட்ட நேரத்தில் ஊரில் யாரும் இல்லை.

2006 ஏப்ரல் இறுதியில் கொழும்பில் நடந்த தற்கொலைத் தாக்குதலுக்குப் பின் சம்பூர்ப் பகுதியில் விமானத் தாக்குதல் தொடங்கியது. அடுத்த மாதங்களில் போர் மூதூர் கிழக்கு முழுவதும் பரவியது. மக்கள் கையில் அகப்பட்டதைத் தூக்கிக்கொண்டு வாகரை வழியாக மட்டக்களப்புப் பக்கம் ஓடினார்கள். செப்டெம்பர் தொடக்கத்தில் இராணுவம் சம்பூரைப் பிடித்தது. ஏறத்தாழ நான்கு மாதம் சென்று, அதே ஆண்டு டிசெம்பர் கடைசியில், நிலக்கரி மின் நிலையத்துக்கான புரிந்துணர்வு உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. 2007 மே மாதம் வர்த்தமானி அறிவித்தல் மூலம் மூதூர் கிழக்கும் சம்பூரும் உயர் பாதுகாப்பு வலயம் ஆக்கப்பட்டன.

இந்த மூன்று நிகழ்வுகளையும் ஒன்றன்பின் ஒன்றாக வைத்துப் பார்த்தால்தான் பின்னால் வந்த எல்லாம் விளங்கும். இடம்பெயர்ந்தவர்கள் கிளிவெட்டி, பட்டித்திடல், மணற்சேனை, கட்டைபறிச்சான் ஆகிய இடங்களில் இடைத்தங்கல் முகாம்களில் தங்கவைக்கப்பட்டார்கள். வேறு இடத்தில் காணி தருகிறோம், அங்கே குடியேறுங்கள் என்று சொல்லப்பட்டது. சிலர் போனார்கள். பலர் மறுத்து முகாமிலேயே இருந்தார்கள், எட்டு ஆண்டுகளுக்கு மேலாக. போனால் சொந்தக் காணியின் உரிமை கைவிட்டுப் போய்விடும் என்பது அவர்களின் பயம். அந்தப் பயத்துக்குப் போதுமான காரணம் இருந்தது என்பதைப் பிந்திய நிகழ்வுகள் காட்டின.

நிலக்கரித் தீர்மானமும் அதன் மெதுவான நகர்வும், 2007–2014

உடன்படிக்கை விரைவாக வந்தது, வேலை வரவில்லை. இலங்கை மின்சார சபையும் இந்தியாவின் தேசிய அனல் மின் கழகமும் சமபங்கில் சேர்ந்து திருகோணமலை பவர் கம்பனி என்ற கூட்டு நிறுவனத்தை 2011 செப்டெம்பரில்தான் பதிவுசெய்தன. மின் கொள்வனவு உள்ளிட்ட முக்கிய ஒப்பந்தங்கள் 2013 ஒக்டோபரில் கையெழுத்தாயின. 250 மெகாவாட் வீதம் இரண்டு இயந்திரங்கள், சுமார் 50 கோடி டொலர் முதலீடு.

இதற்கிடையில் 2012 மே மாதம் சம்பூரின் இன்னொரு பெரும் துண்டு, 818 ஏக்கர், முதலீட்டுச் சபையின் கீழ் தனியார் கைத்தொழில் வலயமாக வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டது. கடற்படையும் 237 ஏக்கரில் முகாம் அமைத்திருந்தது; ஊர்ப் பாடசாலை அதற்குள் இருந்தது. மின் நிலையத்துக்கு சுமார் 500 ஏக்கர். ஆக, பாதுகாப்புக்காக என்று காலிசெய்யப்பட்ட நிலம் மூன்று வேறு தேவைகளுக்குப் பங்கிடப்பட்டுவிட்டது. காணிக்காரர் கிளிவெட்டி முகாமில் இருந்தார்.

இந்த ஏழு ஆண்டுத் தாமதம் பின்னால் பெரிய விளைவை உண்டாக்கியது. 2006இல் நிலக்கரிக்கு மாற்று என்று யாரும் சூரிய மின்சாரத்தைச் சொல்லியிருக்க மாட்டார்கள், விலை அப்படி. ஆனால் 2010க்கும் 2020க்கும் இடையில் பெரிய சூரிய மின் நிலையங்களில் ஓர் அலகு உற்பத்தி செய்யும் செலவு உலக சராசரியில் ஏறத்தாழ 85 சதவீதம் சரிந்தது. சீனத் தொழிற்சாலைகள் சூரியப் பலகைகளை மலைமலையாகச் செய்து தள்ளின, ஜெர்மனி போன்ற நாடுகள் முதலில் அதிக விலை கொடுத்து வாங்கி அந்தச் சந்தையை வளர்த்துவிட்டிருந்தன. சம்பூரின் கோப்பு மேசையில் கிடந்த காலத்தில்தான் அந்தச் சரிவின் முதல் பாதி நடந்தது. தாமதமே ஒரு வகையில் தீர்ப்பை மாற்றிவிட்டது. யாரும் திட்டமிட்டுச் செய்ததல்ல.

திரும்பியவர்கள் கண்டதும் சொன்னதும், 2015–2016

2015 ஜனவரியில் ஆட்சி மாறியது. மே மாதம் 818 ஏக்கர் தனியார் வலய அறிவித்தல் இரத்துச் செய்யப்பட்டது. அந்த நிலத்தைப் பெற்றிருந்த நிறுவனம் நீதிமன்றம் போனது, இடைக்காலத் தடை வந்தது, பின்பு அது விலகியது. ஓகஸ்டில் மக்களிடம் காணி கையளிக்கப்பட்டது. கடற்படை முகாம் இருந்த பகுதி 2016 மார்ச்சில் விடுபட்டது; பாடசாலையும் திரும்பியது.

ஒன்பது ஆண்டுகளுக்குப் பிறகு வந்து பார்த்தவர்களுக்கு ஊர் என்று ஒன்று இருக்கவில்லை. வீடுகள் இடிந்து, கிணறுகள் தூர்ந்து, வேலியெது வரப்பெது என்று தெரியாத பற்றைக்காடு. கொட்டில் போட்டுக்கொண்டு தொடங்கினார்கள். அவர்களுக்கு மீளத் தரப்படாத பகுதி ஒன்று மிஞ்சியிருந்தது, அது மின் நிலையத்துக்கென ஒதுக்கியது. அதாவது திரும்பி வந்த குடும்பங்கள் தங்கள் எல்லைக்கு அப்பால் நிலக்கரிக் கிடங்கும் புகைக்கூண்டும் வரப்போகும் இடத்தைப் பார்த்துக்கொண்டு வீடு கட்டத் தொடங்கினார்கள்.

எதிர்ப்பு எழுந்தது. அதில் மூன்று கவலைகள் கலந்திருந்தன.

முதலாவது கடல். நிலையம் கடல்நீரை எடுத்து இயந்திரத்தைக் குளிர்வித்து, சூடேறிய நீரை மீண்டும் கடலில் விடும். மகாவலி வந்து கலக்கும் குடா அது. நன்னீரும் உப்புநீரும் சேரும் அந்த நீரில்தான் மீனும் இறாலும் பெருகுகின்றன. நீரின் வெப்பம் கொஞ்சம் கூடினாலும் கரையோரத்தில் வீச்சுவலையும் தூண்டிலும் போடுகிறவர்தான் முதலில் அடிபடுவார். பெரிய படகு வைத்திருப்பவர் தூரக் கடலுக்குப் போய்விடலாம்.

இரண்டாவது சாம்பலும் தூசியும். இதை மக்கள் ஏட்டில் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கவில்லை. நுரைச்சோலையைச் சுற்றி வாழ்பவர்கள் காற்றில் பறக்கும் நிலக்கரித் தூளைப் பற்றி, தோட்டப் பயிரில் படியும் கரியைப் பற்றி ஏற்கெனவே முறையிட்டுக்கொண்டிருந்தார்கள். 500 மெகாவாட் நிலையம் ஆண்டுக்குப் பத்து இலட்சம் தொன்னுக்கும் மேல் நிலக்கரி எரிக்கும். அதன் சாம்பல் எங்கோ குவிய வேண்டும்.

மூன்றாவது காணி. என் பார்வையில் இதுதான் அடிப்படை. தங்களைக் கேட்காமல், தாங்கள் இல்லாதபோது எடுத்த நிலம் என்பதே மற்ற இரண்டு கவலைகளுக்கும் உரம் போட்டது. கேட்டு, பேசி, விலையோ மாற்றுக் காணியோ கொடுத்துத் தொடங்கிய திட்டமாக இருந்தால் கடலையும் சாம்பலையும் பற்றிய பேச்சு வேறு தொனியில் நடந்திருக்கும்.

சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை வெளியானது. அதில் குறை கண்ட சுற்றாடல் அமைப்பு ஒன்று உயர் நீதிமன்றத்துக்குப் போனது. திருகோணமலையிலும் மூதூரிலும் ஊர்மக்களும் சிவில் அமைப்புகளும் ஆர்ப்பாட்டம் செய்தார்கள். தமிழ், முஸ்லிம், சிங்கள மக்கள் மூவரும் வாழும் மாவட்டம் அது. குடாவின் மீன் மூவருக்கும் பொது என்பதால் எதிர்ப்பு ஓர் இனத்தின் குரலாகச் சுருங்கிவிடவில்லை.

கைவிடும் முடிவு, 2016 செப்டெம்பர்

2016 செப்டெம்பர் 13 அன்று, சம்பூரில் நிலக்கரி மின் நிலையம் கட்டப்படாது என்று அரச தரப்பு உயர் நீதிமன்றத்துக்கு அறிவித்தது. வழக்கு அத்தோடு ஓய்ந்தது.

ஏன் இந்த முடிவு? ஊர் எதிர்ப்பு ஒரு காரணம். வழக்கு இன்னொன்று. உலகக் காற்றும் அதே திசையில் வீசியது: 2015 டிசெம்பரில் பாரிஸ் உடன்படிக்கை வந்தது, முடிவு அறிவித்த அதே மாதம் இலங்கை அதை ஏற்று உறுதிசெய்தது. நிலக்கரிக்குக் கடன் கொடுக்க வங்கிகள் தயங்கத் தொடங்கிய காலம். இந்தியாவும் எரிவாயுவுக்கு மாறுவதை மறுக்கவில்லை, திருகோணமலையில் கால் ஊன்றியிருப்பதே அதற்குப் பெரிது. இத்தனையும் ஒரே நேரத்தில் கூடிவந்தன. இவற்றுள் ஏதாவது ஒன்று இல்லாதிருந்தாலும் திட்டம் கைவிடப்பட்டிருக்கும் என்று என்னால் சொல்ல முடியாது.

முடிவு சரியானது என்றே நினைக்கிறேன். ஆனால் அது பாதி முடிவு. 500 மெகாவாட் இல்லை என்றால் அந்த இடத்தில் எது, எந்த ஆண்டில், யார் கட்டுவது என்பதற்கு அன்று விடை சொல்லப்படவில்லை. ஒதுக்கிய காணியை என்ன செய்வது என்பதற்கும் இல்லை. நிலக்கரி போய்விட்டது, வேலி இருந்தது.

இடைவெளி, 2017–2022

2017 ஏப்ரலில் இரு நாடுகளும் பொருளாதாரத் திட்டங்களுக்கான புரிந்துணர்வு உடன்படிக்கை ஒன்றில் கையெழுத்திட்டன. நிலக்கரிக்குப் பதிலாக கொழும்பை அடுத்த கெரவலப்பிட்டிப் பக்கம் எரிவாயு நிலையம், சம்பூரில் 50 மெகாவாட் சூரிய மின் நிலையம் என்பது அதன் சாரம்.

அதே ஆண்டு நாட்டின் நீண்டகால மின் உற்பத்தித் திட்டத்தில் நிலக்கரி இருக்கலாமா கூடாதா என்று மின்சார சபைக்கும் மின்துறையை ஒழுங்குபடுத்தும் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழுவுக்கும் பகிரங்கமாகவே சண்டை மூண்டது. பொறியியலாளர்கள் நிலக்கரி இல்லாமல் விலை ஏறும், வெட்டு வரும் என்றார்கள். ஆணைக்குழு நிலக்கரி இல்லாத திட்டத்தை அங்கீகரித்தது. இரு பக்கமும் தத்தம் கணக்கில் நின்றன. கட்டுமானம் மட்டும் நகரவில்லை. 2019 மார்ச்சில் வறட்சி வந்தபோது சுழற்சி முறையில் மின்வெட்டு. அவசரத் தேவைக்கு டீசல் மின்சாரம் தனியாரிடம் அதிக விலைக்கு வாங்கப்பட்டது. பொறியியலாளர்களின் எச்சரிக்கையில் உண்மை இருந்தது என்பதை இங்கே ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். நிலக்கரியை நிறுத்தியது எண்ணெயைக் கூட்டியது. புகை குறையவில்லை, சம்பூரில் எழுந்திருக்க வேண்டிய புகை வேறு ஊர்களில் எழுந்தது.

எரிவாயுவின் கதை இன்னும் தெளிவானது. திரவமாக்கிய இயற்கை எரிவாயுவின் ஆசியச் சந்தை விலை 2020இல் பத்து இலட்சம் பிரித்தானிய வெப்ப அலகுக்கு 2 டொலர் அளவுக்கு விழுந்திருந்தது. அந்த விலையைப் பார்த்துத்தான் பல நாடுகள் எரிவாயுவை நிலக்கரியிலிருந்து புதுப்பிக்கத்தக்க மின்சாரத்துக்குப் போகும் 'பாலமாக' நினைத்தன. பிறகு உக்ரேன் போர். ரஷ்யக் குழாய் வாயு குறைந்ததும் ஐரோப்பா உலகச் சந்தையில் கப்பல் கப்பலாக வாங்கியது. 2022 ஓகஸ்டில் அதே விலை 60 டொலரைத் தாண்டியது. அந்த ஜூலையில் பாகிஸ்தான் கேட்ட சரக்குகளுக்கு ஒருவர்கூட விலை குறிப்பிட முன்வரவில்லை. இலங்கையோ அதே ஆண்டு ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிக் கட்ட முடியாது என்று அறிவித்திருந்தது. மார்ச் 31 அன்று நாட்டில் 13 மணிநேர மின்வெட்டு. எரிவாயு நிலையமும் இறக்கும் முனையமும் நேரத்துக்குக் கட்டப்பட்டிருந்தால்கூட, 2022இல் அதற்குள் போட எரிபொருள் வாங்க நாட்டிடம் டொலர் இருந்திருக்காது.

நிலக்கரிக்கும் அதே கணக்கு. அந்த ஆண்டு ஆஸ்திரேலியாவின் நியூகாசில் துறைமுக விலை தொன்னுக்கு 400 டொலரைக் கடந்தது. நுரைச்சோலைக்கு நிலக்கரி வாங்கவே அரசு திண்டாடியது. சம்பூரிலும் ஒரு நிலக்கரி நிலையம் இருந்திருந்தால், இரண்டுக்கும் டொலர் தேட வேண்டியிருந்திருக்கும். மறுபக்கம், 2022 வரையான ஐந்தாறு ஆண்டுகளில் அது எண்ணெய்ச் செலவைக் குறைத்தும் இருக்கும். இரண்டையும் எடைபோட்டால் எது கனம் என்று துல்லியமாகச் சொல்ல முடியாது. ஆனால் கப்பலில் வரும் எரிபொருள் எதுவானாலும், டொலர் இல்லாத நாளில் அது வராது. இந்த ஒரு விஷயம் 2022இல் எரிபொருளுக்கு வரிசையில் நின்ற ஒவ்வொருவருக்கும் புரிந்தது.

சூரிய ஒளிக்கு மாறியது, 2022–2025

இதற்கு முன்பே கொள்கை மாறத் தொடங்கியிருந்தது. 2030இல் மின்சாரத்தில் 70 சதவீதம் புதுப்பிக்கத்தக்க மூலங்களிலிருந்து என்பது இலங்கையின் இலக்கு. 2021 செப்டெம்பரில், புதிய நிலக்கரி மின் நிலையம் கட்டுவதில்லை என்ற உலக உறுதிமொழியைத் தொடங்கிய சில நாடுகளில் இலங்கையும் ஒன்று. சம்பூரில் அந்த முடிவுக்கு ஐந்தாண்டு முன்பே வந்துவிட்டார்கள்.

நெருக்கடி உச்சத்துக்கு ஏறிக்கொண்டிருந்த 2022 மார்ச்சில் மின்சார சபையும் இந்தியக் கழகமும் சம்பூர் சூரிய மின் திட்டத்துக்கான உடன்படிக்கையில் கையெழுத்திட்டன. அளவு பலமுறை மாறியது: முதலில் 100 மெகாவாட், பிறகு 135, கடைசியில் 120. அதில் முதற்கட்டம் 50. மின்சாரத்தை வெளியே கொண்டுபோக சம்பூரிலிருந்து கப்பல்துறை என்ற ஊருக்கு சுமார் 40 கிலோமீற்றர் புதிய கடத்து பாதை வேண்டும். முதற்கட்டத்துக்கு அலகுக்கு 5.97 அமெரிக்க சதம் என்று விலை தீர்ந்தது. அன்றைய நாணய மாற்றில் சுமார் 18 ரூபாய். டீசல் மின்சாரத்தோடு ஒப்பிட்டால் இது மிக மலிவு. 2025 ஏப்ரல் 5 அன்று இந்தியப் பிரதமரும் இலங்கை ஜனாதிபதியும் கொழும்பிலிருந்தபடி காணொளி மூலம் வேலையைத் தொடங்கிவைத்தார்கள்.

நிலக்கரிக்கென எடுத்த காணி சூரிய மின்சாரத்துக்குப் பயன்படுகிறது.

விளைவு: எண்களும் காணியும்

முதலில் எண்களை நேர்மையாகப் பார்ப்போம். 500 மெகாவாட் நிலக்கரி நிலையம் 80 சதவீத அளவில் ஓடினால் ஆண்டுக்கு ஏறத்தாழ 350 கோடி அலகு. சூரிய நிலையம் பகலில் மட்டும் ஓடும். 120 மெகாவாட்டிலிருந்து ஆண்டுக்கு 20 கோடி அலகு எதிர்பார்க்கலாம். பதினேழில் ஒரு பங்கு. ஆகவே 'நிலக்கரிக்குப் பதில் சூரிய ஒளி' என்று சம்பூரைப் பற்றி எழுதுவது அளவு அடிப்படையில் சரியல்ல. ஒன்று போனது, வேறொன்று வந்தது, அவ்வளவுதான். மீதி இடைவெளியை நாட்டின் மற்ற இடங்களில் காற்றாலையும் கூரைமேல் பலகைகளும் எண்ணெயும் நிரப்புகின்றன.

நேரமும் பொருந்தவில்லை. மாலை உச்சத்தில் சூரியன் இல்லை. பகலிலோ இப்போது மின்சாரம் மிஞ்சுகிறது. 2025 தொடக்கத்தில் நாட்டில் கூரைமேல் சூரிய மின் திறன் ஆயிரம் மெகாவாட்டைக் கடந்திருந்தது. பெப்ரவரி 9, ஒரு ஞாயிற்றுக்கிழமை, தேவை குறைவாக இருந்த பகல்நேரத்தில் ஒரு துணை மின் நிலையத்தில் ஏற்பட்ட கோளாறு நாடு முழுவதையும் இருட்டாக்கியது. நீர்மின், அனல் நிலையங்களில் சுழலும் கனத்த இயந்திரங்கள் திடீர் அதிர்வைத் தாங்கிக்கொள்ளும். சூரியப் பலகையில் சுழல்வது எதுவும் இல்லை. அதன் பங்கு ஏறிய நேரத்தில் வந்த அதிர்வை வலையமைப்பால் தாங்க முடியவில்லை. ஏப்ரல் புத்தாண்டு விடுமுறையில் தொழிற்சாலைகள் மூடும் என்பதால், கூரைமேல் பலகைகளைப் பகலில் நிறுத்திவைக்குமாறு மின்சார சபை வீட்டுக்காரரிடம் கேட்டுக்கொண்டது. சம்பூரில் தொடக்க விழா நடந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. கலிபோர்னியா, ஆஸ்திரேலியா, ஸ்பெயின் எல்லாம் எதிர்கொள்ளும் அதே சிக்கல் சின்னத் தீவுக்கு இன்னும் கடுமையாக வருகிறது, ஏனென்றால் மிஞ்சுவதைத் தள்ளிவிடப் பக்கத்து நாட்டுக் கம்பி இல்லை.

இனிக் காணி. சூரியப் பலகைக்கு மெகாவாட்டுக்கு நாலைந்து ஏக்கர் வேண்டும். 120 மெகாவாட் என்றால் ஐந்நூறு ஏக்கரை நெருங்கும். நிலக்கரிக்கு ஒதுக்கிய அளவுக்கு ஏறக்குறைய சமம். கடல் சூடேறாது, சாம்பல் இல்லை, சத்தம் இல்லை: இவை சின்ன நன்மைகள் அல்ல, குடாவை நம்பி வாழ்பவருக்குப் பெரிய ஆறுதல். நான் இதை மனமார வரவேற்கிறேன். ஆனால் மேய்ச்சலுக்கும் பயிருக்கும் அந்த நிலம் திரும்பவில்லை. பகலில் ஆயிரம் பேர் வேலை செய்யும் இடமும் அல்ல, கட்டி முடித்த சூரிய நிலையத்துக்குக் காவலாளியும் பலகை கழுவும் சிலரும் போதும்.

இது சம்பூரோடு நிற்கவும் இல்லை. அதே மாவட்டத்தின் முத்துநகரில் சூரிய மின் திட்டங்களுக்கு நிலம் ஒதுக்கப்பட்டபோது அங்கே பயிர்செய்துவந்த விவசாயிகள் 2025இல் போராட்டத்தில் இறங்கினார்கள். மன்னாரில் காற்றாலைகளுக்கு எதிராக மக்கள் வீதிக்கு வந்தார்கள். சுத்தமான எரிபொருள் என்பதால் யாரும் எதிர்க்க மாட்டார்கள் என்ற எதிர்பார்ப்பு கொழும்பில் இருந்திருந்தால், அது ஒரே ஆண்டில் இரண்டு இடங்களில் பொய்த்துப்போனது.

மறுபடி செய்தால் எதை மாற்றுவது

எல்லாவற்றுக்கும் முன் காணி. ஒப்பந்தத்துக்கு முன்பே ஒதுக்கும் நிலத்தின் ஒவ்வொரு துண்டுக்கும் யார் காணி உறுதி வைத்திருக்கிறார், யார் அனுமதிப்பத்திரத்தில் இருக்கிறார், யார் பத்திரமே இல்லாமல் தலைமுறையாக அனுபவித்து வருகிறார் என்று ஊரில் வைத்து, தமிழில், பகிரங்கமாகப் பட்டியலிட வேண்டும். போரால் இடம்பெயர்ந்த பகுதி என்றால் மக்கள் திரும்பும்வரை அந்தப் பட்டியலை முடிக்கக் கூடாது. 2006இல் இதைச் செய்யாததன் விலையை நிலக்கரித் திட்டமும் கொடுத்தது, சூரியத் திட்டமும் இன்று கொடுக்கிறது.

அடுத்து, ஒரு நிலையத்தைக் கைவிடும் அறிவிப்போடு மாற்று எது, எந்த ஆண்டு என்பதும் சேர்ந்தே வர வேண்டும். 2016இல் அது இல்லாததால் நாடு ஒன்பது ஆண்டு எண்ணெயில் காலம் தள்ளியது. எதிர்ப்பாளர்களும் இதைக் கேட்டிருக்கலாம். வேண்டாம் என்று சொல்ல ஊருக்கு முழு உரிமை உண்டு. மாற்றுக் கணக்கைப் போட வேண்டியது அரசின் வேலை. ஆனால் கேட்க ஆள் இருந்திருந்தால் அந்தக் கணக்கு சீக்கிரம் வந்திருக்கும்.

மின்கலன் இல்லாமல் இனி பெரிய சூரிய நிலையம் கட்டுவதை நான் ஏற்க மாட்டேன். நண்பகலின் மிச்சத்தைச் சேர்த்து மாலை ஏழு மணிக்கு விட்டால் சம்பூரின் ஒவ்வோர் அலகும் டீசல் அலகு ஒன்றை நேரடியாக மாற்றும். இல்லாவிட்டால் அது இன்னொரு கூரைமேல் அலகோடு போட்டிபோடும். மின்கலன் விலையும் பலகை விலை போன வழியிலேயே சரிந்து வருகிறது. இரண்டாம் கட்டமான 70 மெகாவாட்டில் இதைச் சேர்ப்பதற்கு இன்னும் நேரம் இருக்கிறது.

கடைசியாக வருமானம். அலகுக்கு இலங்கைப் பணத்தில் 10 சதம் மட்டும் ஊருக்கென்று ஒதுக்கினாலும், 20 கோடி அலகுக்கு ஆண்டுக்கு 2 கோடி ரூபாய் வரும். வாங்குபவருக்கு 18 ரூபாயில் 10 சதம் தெரியவே தெரியாது. சம்பூர், கூனித்தீவு, சூடைக்குடா, கடற்கரைச்சேனை மக்களே நிர்வகிக்கும் நிதியில் அதைப் போட்டால் கிணறு, படகு இயந்திரம், பாடசாலை என்று செலவிடலாம். இதற்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை. மின் கொள்வனவு ஒப்பந்தத்தில் ஒரு பிரிவு போதும், இரண்டாம் கட்ட ஒப்பந்தத்தை எழுதும்போது அதைச் சேர்த்துவிடலாம்.